'இதில் கோதுமை உண்டா?' – பினாங்கில் தனியாக இரண்டு நாள்



உணவுக் கடையில் "சைவமா, அசைவமா?" என்று கேட்டால் உடனே பதில் வருகிறது. "ஹலாலா?" என்று கேட்டால் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுகிறார்கள். "இதில் கோதுமை உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு கணம் விழிப்பார். பிறகு, "கொஞ்சம்தான் இருக்கும், ஒன்றும் செய்யாது" என்பார். அந்தக் 'கொஞ்சம்' பற்றியதுதான் இந்தப் பேச்சு.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்தின் பெயர் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர் இதைச் சாப்பிட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. உலகில் சுமார் நூற்றில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பது மருத்துவ ஆய்வுகளின் மதிப்பீடு. இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதே சிகிச்சை. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால், அதைக் 'குளூட்டன் அற்றது' என்று சொல்லக்கூடாது என்கிறது அனைத்துலக உணவுத் தர விதி. வயிறு வலிக்காவிட்டாலும் குடல் பாதிக்கப்படலாம். ஆகவே, 'ஒரு வாய்தானே' என்ற உபசாரம் இவர்களுக்கு உதவாது.

இப்படிப்பட்ட ஒருவர் ஊர் சுற்றக் கூடாதா? கோலாலம்பூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், வாரயிறுதியில் தனியாகப் பினாங்கு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூர் சென்ட்ரலில் இருந்து பட்டர்வொர்த்துக்கு மின்ரயிலில் நான்கு மணி நேரம். அங்கிருந்து ஃபெரியில் ஏறினால் ஜார்ஜ்டவுன்.

புறப்படும் முன்பே அவருக்கு வேலை இருக்கிறது. குளிர்பெட்டி உள்ள அறையைப் பதிவு செய்கிறார். தங்குமிடத்தின் முகவரியை வீட்டாரிடம் தருகிறார். துணைக்கு ஆள் இல்லாத பயணத்தில் உடம்புக்கு முடியாமல் போனால் யாருக்காவது தெரிய வேண்டும் அல்லவா? வேகவைத்த முட்டை, பழம், கடலை, ஒரு வேளைச் சோறு பையில் இருக்கும். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் எழுதிய ஓர் அட்டையும் இருக்கும். 'கோதுமை மாவு, மைதா, ரவை, பார்லி, சோயா சாஸ் எனக்கு ஆகாது. சட்டியிலும் கரண்டியிலும் ஒட்டியிருந்தால்கூட ஆகாது' என்பதே அதில் உள்ள செய்தி. 'குளூட்டன்' என்றால் புரியாத இடத்திலும் 'தெப்பொங் கண்டும்' என்றால் புரியும்.

முதல் நாள் காலை லிட்டில் இந்தியா. இட்லி அரிசியும் உளுந்தும்தானே, கவலை இல்லை என்று தோன்றும். ரவா இட்லி வேறு வகை. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். தோசை அரிசி மாவுதான். ஆனால் அதே கல்லில் ரவா தோசையும் சப்பாத்தியும் போட்டிருப்பார்கள். பெருங்காயம் சேராத தேங்காய்ச் சட்னி என்று உறுதியானால், அதனுடன் இட்லி சாப்பிடலாம். குடிக்க வெறும் தேநீர் போதும். மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் உண்டு. கோப்பிக்கடையின் பார்லித் தண்ணீரும் வேண்டாம்.

அடுத்து நடை. 2008-ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் இது. 1818-இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் ஆலயம், 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் ஆலயம், இந்திய முஸ்லிம்கள் 1801-இல் தோற்றுவித்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் என நான்கும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நான்கு சமயங்களையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

ஆலயத்தில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பிரசாதம் கேசரியாக இருந்தால் என்ன செய்வது? ரவை என்பது கோதுமைதான். வேண்டாம் என்று சொல்லவும் மனம் வராது. வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம். கையையும் நன்றாகக் கழுவிக்கொள்ளலாம். பக்தியும் குறையாது, உடம்பும் கெடாது.

மதியம்தான் பெரிய சோதனை. பினாங்கின் புகழே அதன் தெருவோரச் சாப்பாடு. சார் குவே தியாவ் அரிசியில் செய்தது. ஆனால் அதில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை உண்டு, அதே சட்டியில் மஞ்சள் மீயும் பிரட்டப்படும். நாசி கண்டாரில் ஒரு குழம்பின் கரண்டி அடுத்த குழம்புக்குள் போய்வரும். அசாம் லக்சாவில் ஓரளவு வழி இருக்கிறது. அரிசிச் சேமியா, மீன், புளி. மேலே ஊற்றும் கறுப்பு இறால் விழுதில் சில தயாரிப்புகளில் கோதுமை மாவு சேர்கிறது. அதைத் தவிர்க்கச் சொல்லலாம். சேமியாவில் வேறு மாவு கலந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். கூட்ட நேரத்தில் கேட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. பதினொன்றரைக்கே போய்விடுவது நல்லது. பதில் தெளிவாக இல்லையா? பையில் சோறு இருக்கிறது. கடற்காற்றில் அமர்ந்து சாப்பிட்டாலும் பினாங்கு பினாங்குதான்.

மறுநாள் காலை பினாங்கு மலை. நூறாண்டு வரலாறு கொண்ட மலைரயில், கடல் மட்டத்துக்கு மேல் 700 மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. நகரமும் பாலமும் கீழே விரிந்து கிடக்கும். தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்க 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். இரண்டுக்கும் பசி தாங்க வேண்டும். அதனால்தான் கடலையும் பழமும்.

தனிப் பயணத்தில் ஒரு வசதியும் உண்டு. குடும்பத்தோடு போகும்போது, "உன் ஒருத்திக்காக எத்தனை கடை ஏறி இறங்குவது?" என்ற பேச்சு வரும். அதற்குப் பயந்தே கேட்காமல் சாப்பிட்டுவிட்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு. திருமணத்துக்கே போகாமல் ஒதுங்குகிறவர்களும் உண்டு. தனியாகப் போகிறவர் பத்துக் கேள்வி கேட்கலாம், பதில் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகம் இருந்தால், தாமாகவே அதை நிறுத்திவிடாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம்.

பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில், குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் அதை அச்சிட வேண்டும் என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விதி இருக்கிறது. சூடாகப் பரிமாறும் தட்டில் எந்தச் சீட்டும் ஒட்டியிருப்பதில்லை. பரிமாறுகிறவரின் வாய்ச்சொல்தான் அங்கே சீட்டு.

ஆகவே கடை வைத்திருக்கும் அன்பர்களே, விருந்துக்கு அழைக்கும் தாய்மார்களே, சிறப்புச் சமையல் எதுவும் வேண்டாம். "இருக்காது" என்று உத்தேசமாகச் சொல்லாதீர்கள். "தெரியவில்லை, டின்னைப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். தனியாக வந்த ஒருவர் நல்லபடியாக ஊர் திரும்ப அது போதும்.