நாட்பட்ட அடிவயிற்று வலியும் அக்குபங்சர் ஊசியும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கரக்பூர்க் காலனியில் திருக்குறள் பற்றிப் பேசப் புலவர்கள் உளர். கம்பனைப் பேச அதனினும் பெரியோர் உளர். நாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. ‘பயனுள்ள பொருள் எதைப் பற்றியேனும் பேசுக’ என்று செயலாளர் பணித்தார். நமக்கு உள்ளும் புறமும் தெரிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நாம் மூன்றாண்டுகள் மறைத்து வைத்திருந்த ஒரு வலி. ‘நான்’ என்று சொல்ல இன்னமும் நாக்குக் கூசுவதால் ‘நாம்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். அவையோர் பொறுத்தருள்க.

வலி என்றால் தலைவலி பல்வலி போன்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளத் தக்கது அன்று. தொப்புளுக்குக் கீழே, தொடைகளுக்கு நடுவே, உட்காரும் இடத்தில். நாற்காலியில் அரை மணி நேரம் அமர்ந்தால் முள்ளின்மேல் அமர்ந்தது போலிருக்கும். சிறுநீர் கழிக்கையில் எரியும். கழித்து வந்த பத்து நிமிடத்தில் மறுபடியும் போகத் தோன்றும். அலுவலகத்தில் தலையணை ஒன்றைப் போட்டு அமர்ந்தோம். சக ஊழியர் ஒருவர் அதை மூலம் என்று தாமே முடிவு செய்து, கருணைக்கிழங்கு சாப்பிடுமாறு அன்போடு அறிவுரை கூறினார். கிழங்கும் சாப்பிட்டோம்.

வைத்தியரிடம் போகாமலில்லை. ஒருவர் கிருமி என்றார். சிறுநீர்ச் சோதனையில் கிருமி இல்லை. ஆயினும் மாத்திரைகள் நான்கு சுற்று வந்தன. மற்றொருவர் நம்மை ஏறிட்டும் பாராமல், ‘எல்லாம் உம் மனத்தில் இருக்கிறது’ என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு நடந்து வந்த வழி நமக்கு மறக்காது.

இந்நோய்க்குப் பெயர் உண்டு என்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இடுப்பு எலும்புகளுக்கு இடைப்பட்ட குழிவில், பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட இடுப்புக்குழி வலி என்கின்றனர். ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பியைச் சார்ந்ததாக இது தோன்றும். ஆனால் பெரும்பாலோரிடம் கிருமி எதுவும் அகப்படுவதில்லை. பெண்களுக்குக் காரணங்கள் பல. கருப்பையின் உட்படலம் போன்றது கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் ஒன்று. மூத்திரப்பை நோய், பழைய தொற்று, அறுவைச் சிகிச்சைக்குப் பின் உள்ளுறுப்புகள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை வேறு. காரணம் எதுவாயினும், வலி நீடித்தால் இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிவிடும். நரம்புகளும் சிறு தொடுகையைக்கூட வலியென்று மூளைக்குச் சொல்லப் பழகிவிடும். வண்டி போனபின்னும் சிவப்பிலேயே நின்றுவிட்ட சிக்னல் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே ‘மனத்தில் இருக்கிறது’ என்றவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கலாம். நரம்பில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நமக்கு மூன்றாண்டு மிஞ்சியிருக்கும்.

ஒரு நாள் இரவு நம் இல்லத்தரசியிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, ‘எனக்கும் பதினோரு வருஷமாக இருக்கிறது. பொம்பளைக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்று இருந்துவிட்டேன்’ என்றார். ஒரு கூரையின் கீழே ஒருவர் வலியை மற்றவர் அறியாமல் அத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்! மாதந்தோறும் இரண்டு நாள் அவர் சுவரோரம் சுருண்டு படுத்ததை நாம் கண்டதுண்டு. அதைச் சோர்வு என்று எண்ணியிருந்தோம்.

கொல்கத்தாவில் அக்குபங்சர் பார்க்கலாம் என்று சொன்னவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வங்காளி நண்பர். நமக்கு நம்பிக்கையில்லை. சீனத்து ஊசி வங்காளத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவர் சொன்ன வரலாறு மெய்யானதே. பின்னர்ப் படித்தும் அறிந்தோம். 1938-இல் சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராயிருந்தபோது, ஜப்பானியரோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனத்துக்கு ஐந்து இந்திய மருத்துவர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் சோலாப்பூர் துவாரகநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர்நீத்தார். அவருடன் சென்ற விஜயகுமார் பாசு திரும்பி வந்தார். பின்னாளில் மீண்டும் சீனம் சென்று இக்கலையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார். மேற்கு வங்கத்தில் 1996-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2019-இல் மத்திய அரசும் இதைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது.

லோக்கல் வண்டியில் ஹௌராவரை நின்றுகொண்டே போனோம். இருக்கை கிடைத்தும் உட்கார முடியவில்லை. மருத்துவர் முதலில் ஊசியைத் தொடவேயில்லை. பழைய சீட்டுகளையெல்லாம் பார்த்தார். விட்டுப்போன சோதனைகளைச் செய்துவரச் சொன்னார். அவையெல்லாம் வந்தபிறகே கவிழ்ந்து படுக்கவைத்தார். இடுப்பின் அடியிலுள்ள முக்கோண எலும்பில் சிறு துளைகள் உண்டு. இடுப்புக்குழிக்குச் செல்லும் நரம்புகள் அவற்றின் வழியே வெளிவருகின்றன. அங்கும், இடுப்பின் இருபுறமும், கணுக்காலுக்கு மேலே நான்கு விரற்கடையில் உட்புறமாகவும் ஊசிகள் ஏறின. கடைசியாகச் சொன்ன இடத்துக்குச் சீனர் வைத்த பெயருக்கு மூன்று தடங்கள் சந்திக்குமிடம் என்று பொருளாம். நம்மவர் அதை ஜங்ஷன் என்றே சொல்லிவிடலாம்!

ஊசி மயிரிழை போன்றது. மருந்து ஏற்றும் ஊசி அன்று. குத்துகையில் எறும்பு கடித்தாற்போல. பின்பு உள்ளே ஒரு கனம், ஒரு மதமதப்பு. அரை மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும். இவ்வூசி நரம்பைத் தூண்ட, உடல் தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் வலியைத் தணிக்கின்றன என்பது ஒரு விளக்கம். அபினை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்தபோது ஊசியின் பலன் குறைந்ததை 1970-களில் ஆய்வாளர் கண்டனர்.

எல்லாம் நம்பிக்கையின் வேலை என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வோம். சீனத்தில் பத்து மருத்துவமனைகளில், நம்மைப் போன்ற வலியுடைய 440 ஆடவரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். முடிவு 2021-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு உரிய இடத்தில் ஊசி. மற்றவர்க்கு வேறிடத்தில் மேலோட்டமாக, பெயருக்கு ஓர் ஊசி. எட்டு வாரங்களில் இருபது முறை. முதற்பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 61 பேர் தெளிவாகக் குணங்கண்டனர். மற்றதில் 37 பேர். நிறுத்தி ஆறு மாதம் ஆகியும் அவ்வேறுபாடு குறையவில்லை. பெயருக்குக் குத்திய ஊசியிலும் 37 பேர் தேறினரே என்று கேட்பீர்கள். நமக்கும் அது வியப்பே. அமைதியாகப் படுக்கவைத்து, நம் வலியை ஒருவர் காதுகொடுத்துக் கேட்பதும் ஒரு மருந்துதான் போலும். முதற்பிரிவிலும் நூற்றுக்கு 39 பேர் அவ்வாறு தேறவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

நமக்கு? ஆறாவது முறைவரை ஒன்றுமில்லை, நிறுத்திவிட எண்ணினோம். ஒன்பதாம் முறைக்குப் பின் திரும்பி வரும்போது, உலுபேரியா தாண்டியபிறகுதான் நாம் உட்கார்ந்திருப்பதை உணர்ந்தோம். இருபது முறை முடிந்தபோது வலி பாதிக்கும் கீழே. முற்றும் போகவில்லை. பனிக்காலத்திலும், கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்திலும் தலைகாட்டுகிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறோம்; தசையைத் தளர்த்தும் பயிற்சிகளும் செய்கிறோம்.

இல்லத்தரசியை அம்மருத்துவர் முதலில் ஒரு பெண் மருத்துவரிடம் அனுப்பினார். எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. அவருக்கு ஹார்மோன் மாத்திரையே முதல் மருந்து, ஊசி துணைக்கு. ஊசி அக்கட்டியைக் கரைக்காது, வலியைத் தணிக்க உதவலாம் என்று மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவரிடம் தொடர்ந்து போனோம்.

ஆகையால் யாரும் இன்றே ஊசிக்கு ஓட வேண்டா. சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு வலி, மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, காரணமின்றி மெலிதல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போக வேண்டும். கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் அதை முன்னரே சொல்லிவிடுக. சொல்லாமல் ஊசி ஏற்றிக்கொள்ளற்க. ஊசி புதியதாய், உறை பிரிக்காததாய் இருத்தல் வேண்டும். குத்துபவர் முறையாகப் பதிவு பெற்றவரா என்று கேட்கக் கூச்சப்பட வேண்டா.

ஆடவருள் யாருக்கேனும் கேட்க வேண்டியது இருந்தால் நம் குவார்ட்டர்ஸ் எல்லோருக்கும் தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் வரலாம். தாய்மார்கள் நம்மிடம் கேட்க மாட்டீர்கள் என்று அறிவோம். இல்லத்தரசி இக்கூட்டம் முடிந்ததும் பின்கட்டில் சிற்றுண்டி பரிமாறிக்கொண்டிருப்பார். இவ்வுரையை ஆற்றச் சொன்னவரும் அவரே. அவரிடம் கேளுங்கள்.