தொற்றுக்கழிவு அகற்றும் பணி: பயிற்சியும் பண்பும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்து வந்த சங்கம் இது. அதன் வெள்ளிவிழா மேடையில் கழிவு அகற்றும் தொழிலைப் பற்றிப் பேசலாமா என்று நம்மவருள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். பெரியவர் ஒருவர் நேற்று மாலையே எங்களிடம் கேட்டுவிட்டார்: "துடைப்பத்தை விட்டு விலகத்தானே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினோம்? மீண்டும் அதையே அவர்கள் கையில் கொடுக்கிறீர்களா?" அவர் சினந்து கேட்கவில்லை, வலித்துக் கேட்டார். ஆதலால் இவ்வுரை முழுவதையும் அவருக்குரிய விடையாகவே வைக்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' என்னும் நூலில் ஓர் உண்மையைத் தெளிவுறுத்தினார். சாதி வெறும் வேலைப் பிரிவினை அன்று, வேலை செய்வோரையே மேல்கீழாகப் பிரித்து வைக்கும் ஏற்பாடு என்பதே அது. நாகரிகமுள்ள எந்நாட்டிலும் தொழில்கள் பலவாகப் பிரிந்திருக்கும். ஆனால் இன்னவன் வயிற்றில் பிறந்தவன் இன்னதைத்தான் அள்ள வேண்டும் என்னும் விதி நம் நாட்டின் கொடுமை. நம் முன்னோர் அப்பணியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதற்குப் பயிற்சி பெறவில்லை. உரிய கூலியும் பெறவில்லை. தேர்வும் பயிற்சியும் கூலியும் மறுக்கப்பட்ட வேலை எதுவாயினும் அஃது அடிமை வேலையே.

அமெரிக்க நாட்டில், விபத்தோ கொலையோ தற்கொலையோ நிகழ்ந்த வீட்டில் குருதியைத் துடைத்துத் தூய்மை செய்து கொடுப்பதற்கென்றே தனி நிறுவனங்கள் உள்ளன. அங்குப் பணிபுரிவோரின் குலத்தை எவரும் கேட்பதில்லை. என்ன பயிற்சி பெற்றிருக்கிறார் என்றே கேட்பர். குருதிவழித் தொற்று குறித்து 1991ஆம் ஆண்டில் அந்நாட்டில் வகுக்கப்பட்ட தொழிற்பாதுகாப்பு விதி, இத்தகைய பணியாளர்க்கு மஞ்சட்காமாலைத் தடுப்பூசியை முதலாளி தம் செலவில் தரவேண்டும் என்றும், ஆண்டுதோறும் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. அதே குருதி, அதே அழுக்கு. வேறுபடுவது அதைத் தொடும் மனிதனுக்குச் சட்டம் கொடுக்கும் இடம்.

நம் நாட்டில் நிலைமை என்னவாக இருந்தது? எங்கள் குடும்பத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறோம். 1994ஆம் ஆண்டில் எங்கள் அன்னையார் ஒரு மருத்துவமனையில் நாட்கூலித் துப்புரவுப் பணியாளராக இருந்தார். குப்பைச் சாக்கைத் தூக்கும்போது உள்ளிருந்த ஊசி உள்ளங்கையில் பாய்ந்தது. குழாய் நீரில் கையைக் கழுவி, முந்தானையில் ஒரு கிழிசலைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மேஸ்திரியிடம் சொன்னபோது, பார்த்துத் தூக்கக்கூடாதா என்றார் அவர். மூன்றாம் மாதம் அன்னையாருக்குக் காமாலை கண்டது. பிழைத்தெழ நெடுநாளாயிற்று, அந்நாட்களுக்குக் கூலியும் இல்லை. அந்நோய்க்கான தடுப்பூசி 1980களிலேயே உலகில் வந்துவிட்டது. அஃது அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் கையில் குத்திய ஊசியைப் பற்றி எந்த ஏட்டிலும் ஒரு வரி எழுதப்படவில்லை.

இன்று சட்டம் மாறியிருக்கிறது. 1998ஆம் ஆண்டில் மருத்துவக் கழிவு விதிகள் முதன்முதல் வந்தன. அவற்றின் இடத்தில் 2016ஆம் ஆண்டில் விரிவான புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி, கழிவைக் கையாளும் ஒவ்வொருவர்க்கும் பணியில் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி தரவேண்டும். மருத்துவப் பரிசோதனையும் அவ்வாறே. மஞ்சட்காமாலை 'பி' வகைக்கும் இசிவு நோய்க்கும் தடுப்பூசி போடவேண்டும். தக்க பாதுகாப்புக் கவசங்கள் வழங்கவேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்று கூறி இவற்றைத் தட்டிக்கழிக்க இயலாது. இளைஞர்களே, இவை எவரும் இரங்கி இடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே இவற்றைக் கேளுங்கள்.

இனி, பயிற்சி என்பது யாது என்று பார்ப்போம்.

முதலாவது, நோய் எவ்வழி வருகிறது என்னும் அறிவு. நோயுற்றவர் குருதி படிந்த ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவர்க்குக் காமாலை 'பி' தொற்றும் வாய்ப்பு 30 விழுக்காடு வரை உண்டு. காமாலை 'சி' தொற்றும் வாய்ப்பு அதனினும் மிகக் குறைவு, எச்.ஐ.வி. ஏறத்தாழ 0.3 விழுக்காடு. எல்லோரும் அஞ்சுவது கடைசியானதற்கு; மிக எளிதில் தொற்றுவதோ முதலாவது. அந்த முதலாவதற்குத்தான் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. மூன்றையும் முடிக்காமல் இப்பணியில் இறங்குவது நீந்தத் தெரியாமல் கிணற்றில் குதிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, தரம் பிரித்தல். மஞ்சள் பையில் உடலுறுப்புகளும், குருதி தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும், காலாவதியான மருந்தும். சிவப்புப் பையில் குழாய்கள், ஊசி நீக்கிய சிரிஞ்சுகள், கையுறைகள் போன்ற நெகிழிப் பொருள்கள். துளைக்க முடியாத வெண்ணிறப் பெட்டியில் ஊசி, கத்தி முதலிய கூரியவை. நீலத்தில் கண்ணாடிக் குப்பிகள். இவ்வண்ணங்கள் வீணாக வைக்கப்படவில்லை. மஞ்சளில் உள்ளவற்றுள் பெரும்பகுதி எரியூட்டிக்குச் செல்கிறது. அதன் இரண்டாம் அறையில் வெப்பம் 1050 பாகை செல்சியஸ் அளவில் இருக்கவேண்டும். சிவப்பில் உள்ளது நீராவி அழுத்தக் கலத்தில் வெந்து, துண்டாக்கப்பட்டு மறுபயனுக்குச் செல்கிறது. பை மாறினால் நெகிழி எரிந்து நச்சுப்புகையாகும்; அல்லது ஊசி ஒன்று எவரோ ஒரு தாயின் உள்ளங்கையில் ஏறும்.

மூன்றாவது, கவசம் அணிவதும் கழற்றுவதும். அணியும்போது வராத நோய் கழற்றும்போது வரும். மிகுதியாக அழுக்குப்பட்ட கையுறையை உட்புறம் வெளியாகுமாறு முதலில் கழற்றவேண்டும். முகக்கவசத்தைக் கடைசியில், முன்புறம் தொடாமல், நாடாவைப் பிடித்துக் கழற்றவேண்டும். பின்னர்க் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். இதனைக் கேட்டறிந்தால் போதாது; கை தானே செய்யும்வரை பழகவேண்டும்.

நான்காவது, சிந்திய குருதியை அகற்றும் முறை. முதலில் அவ்விடத்திற்கு எவரும் வராமல் தடுக்கவேண்டும். உடைந்த கண்ணாடி கிடந்தால் இடுக்கியால் எடுக்கவேண்டும், கையால் பொறுக்கலாகாது. குருதியின்மேல் உறிஞ்சும் துணியோ தாளோ இட்டு, 1 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றி, குறைந்தது பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். இந்தக் காத்திருத்தலே மருந்து. உடனே துடைத்தால் கிருமி சாகாது, இடம்தான் மாறும். பிறகு அனைத்தையும் சேர்த்து மஞ்சள் பையிலிட்டு, தரையை மீண்டும் கரைசலால் துடைக்கவேண்டும். ப்ளீச்சிங் பவுடர் கொண்டு கரைசல் செய்வதாயின், 30 விழுக்காடு குளோரின் உள்ள பவுடர் 33 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலக்கவேண்டும். பள்ளியில் கற்ற விழுக்காட்டுக் கணக்கு இங்கே உயிர்காக்கும் கணக்காகிறது. அன்றன்று கலந்ததையே பயன்படுத்துக. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டுடன் இதனை ஒருபோதும் கலவாதீர். எழும் குளோரின் வாயு நுரையீரலை அரிக்கும்.

ஐந்தாவது, ஊசி குத்திவிட்டால் செய்யவேண்டுவது. பிதுக்கக்கூடாது, வாயில் வைக்கக்கூடாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே அறிவித்து, ஏட்டில் பதியச்செய்து மருத்துவரிடம் செல்லவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் தொடங்குவது நன்று. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. தொடங்கினால் 28 நாள் விடாது உண்ணவேண்டும். எங்கள் அன்னையாருக்கு இந்த ஐந்து வரிகளைச் சொல்லிக்கொடுக்க அன்று ஒருவரும் இல்லை.

இப்பயிற்சி பண்புள்ளவர் கையில்தான் பயன்தரும். வேண்டிய பண்புகளுள் முதன்மையானது, எவரும் பாராதபோதும் முறை தவறாமை. இரவு மூன்று மணிக்கு, வார்டு உறங்கும் வேளையில், ஊசியை வெண்பெட்டியில் இடுகிறோமா, அருகில் உள்ள பையில் எறிகிறோமா என்பதிலே நம் தொழில் நேர்மை தெரியும்.

அடுத்தது, சில்லறை ஆசைக்கு இணங்காமை. பயன்படுத்திய சிரிஞ்சுகளையும் குளுக்கோஸ் புட்டிகளையும் காயலான் கடைக்கு விற்றால் கையில் காசு கிடைக்கும். அதன் முடிவு எங்கே? குஜராத் மாநிலம் மோடாசாவில் 2009ஆம் ஆண்டில் காமாலை 'பி' பரவிப் பலர் மாண்டனர்; பயன்படுத்திய சிரிஞ்சுகளை மீண்டும் பயன்படுத்தியமையே காரணமெனக் கண்டறியப்பட்டது. விற்பவர் கையிலும் பிறர் உயிர் இருக்கிறது.

மூன்றாவது, இறந்தோரையும் துயருற்றோரையும் மதித்தல். வெட்டியெடுத்த கால் ஒன்று மஞ்சள் பையில் இருக்கும். அது நேற்றுவரை ஒருவர் நடந்த கால். சாவு நிகழ்ந்த வீட்டில் நாம் காணும் எதனையும் வெளியில் பேசலாகாது. நம் துயரங்களை ஊர் மதிக்கவில்லை என்பதனால், மதிப்பின் அருமை நமக்கு மிகுதியாகத் தெரியும்.

நான்காவது, தெளிந்த மனம். இதைச் சொல்ல எங்களுக்கு நாக் கூசுகிறது. ஆயினும் சொல்லவே வேண்டும். நம் பாட்டன்மார் பலர் நாற்றத்தைத் தாங்கவே குடித்தனர். வெறுங்கையோடு மலக்குழியில் இறக்கிய ஊர், அவர்கள் குடித்ததை மட்டும் பழித்தது. அவர்களை நாம் பழியோம். ஆனால் முகக்கவசமும் பயிற்சியும் பெற்ற நீங்கள் குடித்துவிட்டு இப்பணிக்குச் சென்றால், தடுமாறும் கை முதலில் உங்களையே குத்தும்.

ஐந்தாவது, மறுக்கும் துணிவு. இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கழிவுநீர்க் குழியிலும் மலத்தொட்டியிலும் மனிதரை இறக்கும் வேலைக்கும் இப்பணிக்கும் எவ்வகை உறவும் இல்லை. பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கையும் இன்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது; முதல் குற்றத்திற்கே இரண்டாண்டுவரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். குழியினுள் நின்று கொல்லும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டைபோல் நாறும். செறிவு மிகுந்தால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமற் போகும். நாற்றம் இல்லையென நம்பி இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கிய தம்பி, அவரைத் தூக்க இறங்கிய மூன்றாமவர் என ஒரே குழியில் வரிசையாகச் செத்திருக்கிறார்கள். இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தர 2014இல் ஆணையிட்ட உச்சநீதிமன்றம், 2023இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. ஆனால் எத்தொகையும் ஒரு மகனுக்கு ஈடாகாது. அவ்வேலைக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டித் தருகிறேன் என்று எவரேனும் அழைத்தால், "இறங்கமாட்டேன், எந்திரத்தைக் கொண்டு வா" என்று சொல்லுங்கள்.

இளைஞர்களே! இப்பணியில் சேர்வோர் அடிப்படியிலேயே நின்றுவிடலாகாது. இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மருத்துவக் கழிவு மேலாண்மையில் ஆறுமாதச் சான்றிதழ்ப் படிப்பினை அமைத்துள்ளது. பிளஸ் டூவில் அறிவியல் படித்தோர்க்குச் சுகாதார ஆய்வாளர் பட்டயப்படிப்பு உண்டு. நுண்ணுயிரியல் கற்றவர் மருத்துவமனையின் தொற்றுத்தடுப்புக் குழுவில் அமரலாம். சுற்றுச்சூழல் பொறியியல் கற்றவர் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தில் அமர்ந்து, கழிவை முறையின்றிக் கொட்டும் நிறுவனத்தைக் கேள்வி கேட்கலாம். பை தூக்கியவர் வீட்டுப் பிள்ளை பையைச் சோதிக்கும் அதிகாரியாக வரும் நாளில், பை தூக்குவோரின் கையில் கையுறை இருக்கும்.

சங்கத்திற்கும் இரண்டு வேண்டுகோள். மருத்துவமனையிலும் நகராட்சியிலும் பணிபுரியும் நம் உறுப்பினர் எத்தனை பேர் மூன்று தடுப்பூசியும் முடித்துள்ளனர் என்று வீடுவீடாகக் கேட்டு ஏடு ஒன்று எழுதுங்கள். மாலைப் பள்ளியில் வாரம் ஒருநாள் இப்பயிற்சியை நடத்துங்கள்.

மருத்துவமனைகளில் மூன்று பிறைகள் பின்னிய சின்னம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டௌ கெமிக்கல் நிறுவனத்தில் அதனை உருவாக்கியவர்கள், முன்பே எப்பொருளும் இல்லாத ஒரு வடிவத்தை வேண்டுமென்றே தேர்ந்தனர். பின்னர் இதுவே தொற்றின் அடையாளம் என உலகிற்குக் கற்பித்தனர். ஓர் அடையாளத்திற்குப் பொருள் பிறவியில் வருவதில்லை; கற்பிக்கப்படுவதால் வருகிறது. நம் பெயருக்கும் இவ்வூர் ஒரு பொருளைக் கற்பித்து வைத்தது. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக வேறொரு பொருளைக் கற்பித்து வருகிறது.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். பிறப்பின் பேரால் எவர் கொடுத்தாலும் நம் பிள்ளைகள் துடைப்பத்தைத் தொடமாட்டார்கள். கற்றுத் தேர்ந்து, கவசம் பூண்டு, உரிய ஊதியம் கேட்டு, தாமே விரும்பி எடுப்பார்களாயின் அது மருத்துவர் கையிலுள்ள கருவிக்கு நிகரானது. வேண்டாமென்று வேறு தொழிலுக்குச் செல்வார்களாயின் அதுவும் நன்றே. இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகத்தான் நீங்கள் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பினீர்கள்.