கிடைமாடும் நெடுவழியும்



தலையில் அகன்ற தொப்பியும் இடையில் துப்பாக்கியுமாக அமெரிக்க மாட்டுக்காரன் குதிரையில் பாய்ந்துவரும் காட்சியைத் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். அவன் உண்மையில் யார்? மாதக் கூலிக்கு மாடு ஓட்டிய ஏழை. கான்சாசு மாநிலத்து அபிலீன் நகரில், இரயில் பாதையை ஒட்டி 1867ஆம் ஆண்டில் ஒரு மாட்டுச் சந்தை தோன்றியது. டெக்சாசிலிருந்து அங்கே மந்தைகளை நடத்திச் சென்றனர். ஒரு மந்தையில் 2,000க்கு மேற்பட்ட மாடுகள். ஓட்டுவோரோ பத்துப் பன்னிருவர். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து மைல் வீதம் இரண்டு மூன்று திங்கள் பயணம். பகலெல்லாம் புழுதி, வழியில் ஆற்று வெள்ளம், இரவில் முறைக் காவல். இடியோசை கேட்டு மந்தை வெருண்டோடினால் உயிருக்கே இறுதி. 1874இல் முள்கம்பி வேலிக்கு உரிமம் பெறப்பட்டது. இரயில் பாதைகளும் பெருகின. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த நெடும்பயணங்கள் மறைந்தன.

அத்தகைய உழைப்பாளர் நம்மிடையே இல்லையா? உண்டு. எங்கள் திருப்புலிவனத்தில் காலையில் மேயச் செல்லும் மாடு மாலையில் தொழுவம் திரும்பும். ஆனால் மதுரை, சிவகங்கைப் பகுதிகளில் வளரும் புலிக்குளம் மாடுகளுள் பலவற்றுக்குத் தொழுவமே இல்லை. அவை கிடைமாடுகள். புல்லையும் நீரையும் தேடி, ஊர் ஊராக நடப்பனவே அவற்றின் வாழ்நாட்கள்.

அறுவடை முடிந்த வயலில் இரவு முழுவதும் நூற்றுக்கணக்கான மாடுகளை அடைத்து வைப்பதே கிடை போடுதல். சாணமும் சிறுநீரும் அந்நிலத்திலேயே விழுந்து ஊறுகின்றன. எருக்குழியில் வீணாகும் சிறுநீரின் தழைச்சத்து இங்கே மண்ணுக்கு நேரே கிடைக்கிறது. நிலத்துக்காரர் அதற்குப் பணமோ நெல்லோ தருவார். மறுநாள் கிடை அடுத்த வயலுக்கு மாறும்.

படிப்பதற்கு இஃது இனிதாக இருக்கலாம், வாழ்வதோ எளிதன்று. கிடைக்காரர் உறங்குமிடம் திறந்த வெளி, கூரை வானம். பனியும் பாம்பும் இரவுத் துணைகள். ஒரு மாடு விலகிப் பயிரில் வாய் வைத்தால் வசவும் தண்டமும் தப்பா. வழியில் ஈன்ற கன்றைத் தோளில் சுமக்க வேண்டும். கோமாரி பரவினால் மந்தையே முடங்கும். வீட்டில் பிள்ளை நோயுற்றாலும், மாடுகளை விட்டு அவர் நினைத்தவுடன் திரும்ப இயலாது.

இன்று அவர்தம் வழி மேலும் குறுகிவிட்டது. மேய்ச்சல் நிலங்கள் மனைகளாகின்றன. மூட்டை உரம் கிடையின் தேவையைக் குறைத்தது. வனவிலங்குச் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சல் கூடாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. காட்டைக் காப்பதும் கடமையே. ஆயின் மாடுகள் எங்கே மேயும் என்ற வினாவுக்கும் நாம் விடை காண வேண்டும். பாதையும் மேய்ச்சலும் அற்றுப்போனால் புலிக்குளம் என்ற இனமும் குன்றும். சல்லிக்கட்டுக் களத்தில் சீறும் காளையைப் போற்றுவோர், அதனை வளர்த்தவன் நடந்த வழியை மறக்கலாமா?

மாணவர்களே! விடுமுறையில் எங்கேனும் ஒரு கிடையைக் கண்டால் சற்று நில்லுங்கள். மழைக்குறியையும் மாட்டு நோயையும் புல்லின் குணத்தையும் கிடைக்காரரிடம் கேளுங்கள். ஏட்டில் எழுதாத கல்வி அவரிடம் மிகுதி. கேட்டதைக் குறித்து வையுங்கள்; பிற்காலத்தில் நீங்கள் அதிகாரிகளாகவோ அறிஞர்களாகவோ அமரும்போது, அவருடைய வழி அடைபடாதிருக்க அக்குறிப்பு உதவும்.