செங்கல் சுவரில் எழுதிய பெயர்கள்

(இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவுநாளன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று நவம்பர் 2. கல்லறைத் தோட்டத்தை நோக்கி நாம் நடக்கும் நாள். சில நாள்களாகவே புல் செதுக்கி, கல்லறையைக் கழுவி, சிலுவைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். இன்று சாயங்காலம் பூவும் மெழுகுதிரியும் ஊதுபத்தியும் எடுத்துக்கொண்டு குடும்பமாகப் போவோம். குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். நம்மை விட்டுப் பிரிந்தவர்களின் பெயரைச் சொல்லிச் செபிப்போம்.

அந்த நேரத்தில் நம் மனதில் என்ன வருகிறது? அவர் சேர்த்த சொத்தும் வகித்த பதவியும் முதலில் நினைவுக்கு வருவதில்லை. தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கக் கூட்டிப்போனது, தாயம் ஆடும்போது வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தது, சைக்கிள் பழகும்போது பின்னாலேயே ஓடிவந்தது. இப்படிச் சின்னச் சின்னக் காரியங்களே வரும். இவை வெறும் ஏக்கம்தானா? அல்லது இவற்றின் வழியாக ஆண்டவர் நமக்கு எதையாவது சொல்கிறாரா? இன்றைய சிந்தனைக்கு இதை எடுத்துக்கொள்வோம். இதற்கு உதவியாக, அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில ஆண்டுகளுக்கு முன் இதே நவம்பர் 2-ஆம் நாள் இரவு நடந்ததைக் கேட்போம்.

அது ஒரு விளையாட்டைப் பற்றியது. பேஸ்பால் நமக்கு அதிகம் பழக்கமில்லை. ஆனால் கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். அணிக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை வீச, எதிரணியில் ஒருவர் உருண்டை மட்டையால் அடிப்பார். அடித்தவர் சதுரமாக அமைந்த நான்கு முனைகளைச் சுற்றி ஓட வேண்டும். அவர் புறப்படும் முனைக்கு 'ஹோம்' என்று பெயர், அதாவது வீடு. மற்ற மூன்று முனைகளையும் தொட்டு, மீண்டும் வீடு வந்து சேர்ந்தால்தான் அவருக்கு ஓர் ஓட்டம். மூன்றாம் முனைவரை வந்து நின்றுவிட்டால் கணக்கில் ஒன்றும் சேராது. புறப்பட்ட வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் அந்த ஆட்டம்.

இந்த விளையாட்டு அமெரிக்கக் குடும்பங்களின் அன்றாட வாழ்வோடு கலந்த ஒன்று. வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம். 1921-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் முதன்முறையாகப் பெரிய அணிகளின் ஆட்டம் ஒன்று வானொலியில் ஒலிபரப்பானது. அதன்பின் சமையலறையிலும் திண்ணையிலும் வானொலியைச் சுற்றிக் குடும்பங்கள் கூடின. தூங்கப் போ என்று அம்மா விளக்கை அணைத்த பிறகும், தலையணைக்கு அடியில் டிரான்சிஸ்டரை ஒளித்து வைத்துக் கேட்ட பிள்ளைகள் பலர்.

வேலை முடிந்து அப்பா வீடு திரும்புவார். பிள்ளை கையுறையோடு வாசலில் காத்திருப்பான். இருவரும் கொல்லைப்புறத்தில் எதிரெதிரே நின்று பந்தை வீசுவார்கள், பிடிப்பார்கள். அதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. இருட்டும்வரை பந்து போகும், வரும். புதுத் தோல் கையுறை விறைப்பாக இருக்கும். அதில் எண்ணெய் தடவி, நடுவில் பந்தை வைத்துக் கட்டி, மெத்தைக்கு அடியில் வைத்துப் பதப்படுத்தக் கற்றுக்கொடுப்பார் தாத்தா. ஆட்டம் பார்க்கும்போது ஒவ்வொரு வீச்சையும் பென்சிலால் அட்டையில் குறிக்கச் சொல்லிக்கொடுப்பார் அப்பா. பாசத்தை வாய்திறந்து சொல்ல வராத அப்பாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அங்கே பலருக்கு அந்தப் பந்துதான் பேச்சு.

சிகாகோ நகரில் 'கப்ஸ்' என்று ஓர் அணி. 1908-இல் அது அமெரிக்கச் சாம்பியன் பட்டம் வென்றது. அதன்பின் வெல்லவே இல்லை. 1945-இல் இறுதித் தொடர்வரை வந்து தோற்றது. பிறகு 71 ஆண்டுகள் இறுதித் தொடரின் பக்கமே வரவில்லை. ஆனாலும் ரிக்லி ஃபீல்டு என்ற அதன் பழைய மைதானத்துக்கு மக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1988 வரை அங்கே மின்விளக்கு கிடையாது, ஆட்டமெல்லாம் பகலில்தான். பள்ளிவிட்டு ஓடிவரும் பிள்ளைகள் ஆட்டத்தின் கடைசிப் பகுதியைத் தொலைக்காட்சியில் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லி எழுந்துகொள்வார்கள். அப்படிச் சொன்ன தாத்தாக்கள் இறந்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் அதையே சொல்லி முதுமை அடைந்து இறந்தார்கள்.

2016-ஆம் ஆண்டு கப்ஸ் அணி மீண்டும் இறுதித் தொடருக்கு வந்தது. எதிரணி கிளீவ்லாந்து. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடர். முதல் நான்கில் மூன்றைத் தோற்றிருந்த கப்ஸ், அடுத்த இரண்டையும் வென்று சமன்செய்தது. ஏழாவது ஆட்டம் நடந்த நாள் நவம்பர் 2, இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் திரு அவை நினைவுகூரும் நாள்.

அந்த நாள்களில் ரிக்லி ஃபீல்டு மைதானத்தின் வெளிப்புறச் செங்கல் சுவருக்கு மக்கள் சாக்பீஸோடு வந்தார்கள். இறந்துபோன தங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், மகன் பெயர்களை எழுதினார்கள். கை எட்டிய இடமெல்லாம் நிறைந்தபின், ஒருவரையொருவர் தூக்கிவிட்டு இன்னும் மேலே எழுதினார்கள். முன்பின் தெரியாதவர்கள் சாக்பீஸைக் கைமாற்றிக்கொண்டார்கள். தந்தையும் மகனும், என்றாவது இந்த அணி இறுதித் தொடருக்கு வந்தால் சேர்ந்தே கேட்போம் என்று பேசிவைத்திருந்த குடும்பம் ஒன்றும் உண்டு. தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் பல மணிநேரம் காரோட்டிச் சென்று, தந்தையின் கல்லறை அருகே நாற்காலி போட்டு அமர்ந்து, இரவில் அங்கேயே அந்த ஆட்டத்தைக் கேட்டார்.

ஆட்டத்தில் கப்ஸ் 6-3 என முன்னிலையில் இருந்தது. இன்னும் நான்கு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் வெற்றி. அந்த நேரத்தில் கிளீவ்லாந்து மூன்று ஓட்டங்கள் எடுத்துச் சமன்செய்தது. பிறகு மழை வந்து 17 நிமிடம் ஆட்டம் நின்றது. கூடுதல் சுற்றில் 8-7 என்ற கணக்கில் கப்ஸ் வென்றது. 108 ஆண்டு காத்திருப்பு முடிந்தது. ஆட்டம் நடந்த கிளீவ்லாந்தில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. சிகாகோவில் கடிகாரம் ஒருமணி நேரம் பின்னால் ஓடும். அங்கே அது இன்னும் நவம்பர் 2. வெற்றிச் செய்தி கேட்டதும் பலருக்கு முதலில் வந்தது கண்ணீர். "அப்பா இதைப் பார்க்காமல் போய்விட்டாரே."

அன்புக்குரியவர்களே, இந்த நிகழ்வு நம்மை எபிரேயர் திருமடலுக்கு அழைத்துச் செல்கிறது. அதன் 11-ஆம் அதிகாரம் ஆபேல், நோவா, ஆபிரகாம், சாரா என்று ஒரு நீண்ட பெயர்ப் பட்டியல். நம்பிக்கையால் வாழ்ந்த இவர்களுள் யாரும் வாக்களிக்கப்பட்டதைத் தங்கள் வாழ்நாளில் பெற்றுக்கொள்ளவில்லை, தொலைவிலிருந்து அதைக் கண்டு வாழ்த்தியபடியே இறந்தார்கள் என்கிறார் ஆசிரியர். அதோடு நிறுத்தவில்லை. நம்மை விட்டுவிட்டு அவர்கள் மட்டும் நிறைவு அடையக்கூடாது என்பது கடவுளின் திட்டம் என்கிறார். அடுத்த அதிகாரத்தின் தொடக்கத்தில், அவர்கள் எல்லாரும் மேகம்போல் நம்மைச் சூழ்ந்திருக்க, நாம் ஓட வேண்டிய ஓட்டத்தை ஓடுவதாகக் காட்டுகிறார். அவர்கள் காத்திருந்ததற்கும் நாம் ஓடுவதற்கும் உறவு உண்டு. இதைத்தான் நாம் நம்பிக்கை அறிக்கையில் புனிதர்களின் சமூக உறவு என்று அறிக்கையிடுகிறோம்.

இங்கே ஒன்றை மறக்க வேண்டாம். அன்று இரவு தோற்ற கிளீவ்லாந்து அணியும் 1948-க்குப் பிறகு வெல்லாத அணிதான். அந்த ஊரிலும் அப்பாவும் மகனும் பந்து வீசி விளையாடினார்கள், அங்கேயும் தாத்தாக்கள் காத்திருந்து இறந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கல்லறைக்குச் சொல்ல நல்ல செய்தி இல்லாமல் வீடு திரும்பினார்கள். அதனால் அவர்களின் பாசம் குறைந்ததா? அந்த நினைவுகள் வீணாயினவா? இல்லை. இன்று நம்மில் பலர் அப்படித்தான் கல்லறைக்குப் போகிறோம். மகளின் திருமணத்தைக் காணாமல் கண்மூடிய தந்தை. கட்டிக்கொண்டிருந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருக்காமல் போன தாய். எத்தனையோ நவநாள் செபித்தும் குணமாகாமல் பிரிந்த பிள்ளை. வெற்றிச் செய்தி ஏதும் நம் கையில் இல்லை. நம் எதிர்நோக்கு வெற்றி பெற்ற அணியின்மேல் கட்டப்பட்டதல்ல. சிலுவையில் தோற்றவராகத் தெரிந்து, மூன்றாம் நாள் உயிர்த்த ஆண்டவர்மேல் கட்டப்பட்டது. நாம் இழந்தவர்கள் வீடு வந்து சேர அவரே வழி.

இன்னும் சிலருக்கு நினைவே காயமாக இருக்கிறது. குடித்துவிட்டு அடித்த அப்பா, விட்டுவிட்டுப் போன அம்மா. அவர்கள் கல்லறை அருகே நிற்கையில் கண்ணீர் வராமல் போகலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். இறந்தோருக்காகத் திரு அவை செபிப்பதே, அவர்கள் குறைகளோடு போனார்கள் என்று அறிந்திருப்பதால்தான். யூதா மக்கபே, போரில் இறந்த தம் வீரர்கள் பாவத்தில் விழுந்திருந்ததை அறிந்தும் அவர்களைக் கைவிடவில்லை. காணிக்கை திரட்டி, அவர்களுக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்கு அனுப்பிவைத்தார் (2 மக்கபேயர் 12). நல்ல நினைவு இருந்தால் நன்றியாகச் செபிப்போம். கசப்பு இருந்தால் அதையும் கடவுளிடம் ஒப்படைத்து, அவர்மேல் இரங்கும் என்று மட்டும் சொல்வோம். அதுவும் செபமே.

ஒஸ்தியா துறைமுகத்தில் 387-ஆம் ஆண்டு மரணப்படுக்கையில் இருந்த புனித மோனிக்கா, தன் உடலை எங்கே அடக்கம் செய்தாலும் சரி, ஆண்டவரின் பீடத்தருகே தன்னை நினைத்தால் போதும் என்று தன் மகன் அகுஸ்தினாரைக் கேட்டுக்கொண்டார். சாக்பீஸ் எழுத்து ஒரு மழைக்குத் தாங்காது. கல்லறையில் வெட்டிய எழுத்தும் ஒருநாள் தேயும். ஆனால் கடவுள் தம் மக்களைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாக எசாயா இறைவாக்கினர் 49-ஆம் அதிகாரத்தில் அறிவிக்கிறார். ஆணி துளைத்த அந்தக் கைகளில் எழுதிய பெயர் அழியாது. திருப்பலியில் நம் இறந்தோரை நினைக்கும்போது, அந்தக் கைகளில்தான் அவர்களை வைக்கிறோம்.

கடைசியாக, உயிரோடு இருக்கும் நமக்கு ஒரு கேள்வி. யோர்தான் ஆற்றைக் கடந்த இஸ்ரயேல் மக்கள் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டினார்கள். இந்தக் கற்கள் எதற்கு என்று நாளை பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது நடந்ததைச் சொல்லுங்கள் என்றார் யோசுவா. நம் பிள்ளைகள் நம்மிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா? ஒரே அறையில் நான்கு பேர், நான்கு கைபேசிகள் என்று மாலைநேரம் கழிகிறது. பிள்ளைக்குக் கட்டணம் கட்டுகிறோம், துணி எடுக்கிறோம், எல்லாம் அன்பினால்தான். ஆனால் நாளை நம் கல்லறை அருகே நிற்கும்போது அவர்கள் நினைக்கப்போவது கட்டணச் சீட்டை அல்ல. அன்று இருட்டும்வரை அப்பா என்னோடு பந்து விளையாடினார், அம்மா என்னோடு உட்கார்ந்து செபமாலை சொன்னார் என்பதைத்தான். நம்பிக்கையும் அப்படித்தான் கைமாறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்துதான் பிள்ளை அதைக் கற்கிறது.

எனவே இன்று மூன்று காரியங்கள் செய்வோம். கல்லறையில் மெழுகுதிரி ஏற்றியதும் உடனே திரும்பிவிடாமல், அங்கே துயில்கொள்பவரைப் பற்றி ஒரு நிகழ்வையாவது பிள்ளைகளுக்குச் சொல்வோம். இந்த மாதத்துக்குள் அவருக்காக ஒரு திருப்பலியில் முழுமனதோடு பங்குகொள்வோம். இந்த வாரத்தில் ஒருநாள் மாலை, கைபேசியை எடுத்துவைத்துவிட்டு, வீட்டுப் பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் ஒரு மணிநேரம் விளையாடுவோம் அல்லது உட்கார்ந்து பேசுவோம்.

மன்றாடுவோம்: வாழ்வின் ஊற்றான இறைவா, எங்களுக்கு முன் நம்பிக்கையோடு காத்திருந்து, காண விரும்பியதைக் காணாமலே கண்மூடிய எங்கள் பெற்றோரையும் முன்னோரையும் உம் இல்லத்தில் ஏற்றுக்கொள்ளும். அவர்கள் எங்களோடு செலவிட்ட ஒவ்வொரு மணிநேரத்துக்காகவும் உமக்கு நன்றி கூறுகிறோம். அவர்கள் குறைகளை மன்னியும். எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல நினைவுகளை விட்டுச்செல்ல எங்களுக்கு வரம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.