துளிக் கணக்கு



இக்கல்லூரியிலிருந்து தாதியராகச் சென்ற நாங்கள், இங்கு படித்த பின்னக் கணக்கைத்தான் இன்றும் வாட்டில் செய்கிறோம். 1000 மில்லிலீற்றர் சேலைனை 8 மணித்தியாலத்தில் ஏற்றும்படி வைத்தியர் எழுதுவார். நிமிடத்துக்கு எத்தனை துளி என்பது எங்கள் பொறுப்பு. ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செற் என்றால் மொத்தம் 20,000 துளி, 480 நிமிடம், ஆக, நிமிடத்துக்கு ஏறக்குறைய 42.

இந்த 42ஐ மனனம் செய்வதில்தான் ஆபத்து. 15 துளி செற்றிலும் 42 என்றே வைத்தால் போத்தல் 6 மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். இளவயதினர் தாங்கக்கூடும், இருதயம் பலவீனமான முதியவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆகவே செற்றின் உறையைப் பார்க்காமல் நாங்கள் கணக்கைத் தொடங்குவதில்லை. குழந்தைகளுக்கான 60 துளி செற் இலகுவானது: மணிக்கு எத்தனை மில்லிலீற்றரோ, நிமிடத்துக்கு அத்தனை துளி. (ஏனென்று நிறுவிக் காட்டும்படி எங்கள் கணித ஆசிரியை கேட்பார்!)

இப்போது பல இடங்களில் பம்பு எண்ணுகிறது. அதில் எண்ணை அழுத்துவது எங்கள் விரல்தான். மருந்து அட்டையில் 0.5 என்பதை .5 என்று எழுதி, புள்ளி மங்கினால் பத்து மடங்கு மருந்து போய்விடும். அதனால் இன்சுலின் போன்றவற்றை இருவர் தனித்தனியே கணக்கிட்டு, விடை ஒன்றானால் மட்டுமே ஏற்றுகிறோம்.