ஜூனில் முடிந்துவிடும் தேர்தல்

(நியூஜெர்சி மாநிலம் பிளெயின்ஸ்பரோவில், பிரைமரி தேர்தலை ஒட்டி 2026 மே முதல் வாரம் கூடிய தமிழர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருப்பது சிறிது நேரம். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாசலில் நின்று பலரிடம் கேட்டேன். ஜூன் 2, செவ்வாய்க்கிழமை நடக்கும் பிரைமரியில், அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், வாக்களிக்கப் போகிறீர்களா என்று. "அது பிரைமரிதானே, நவம்பரில் பெரிய தேர்தல் வரும்போது கட்டாயம் போவோம்" என்றார்கள். படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், பிள்ளைகளின் பள்ளிக் கூட்டம் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர்கள் சொல்லும் பதில் இது. இந்தப் பதிலை எதிர்த்துப் பேசத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

2014-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த 12-ஆவது காங்கிரஸ் தொகுதியின் உறுப்பினராக இருந்த ரஷ் ஹோல்ட் இனிப் போட்டியிடுவதில்லை என்று அறிவித்தார். ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் நான்கு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவர் உபேந்திர சிவுகுலா. நெல்லூரில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து, இந்த மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் தெற்காசியர். இன்னொருவர் பானி வாட்சன் கோல்மன். ஜூன் 3 அன்று வாக்குப்பதிவு. ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் தொகுதியில் அன்று அந்தக் கட்சியின் பிரைமரியில் வாக்களித்தவர்கள் நாற்பதாயிரம் பேர்கூட இல்லை. வாட்சன் கோல்மன் வென்றார். இது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. நவம்பரில் நடந்தது வெறும் சடங்கு. அதன்பின் வந்த எல்லாத் தேர்தலிலும் அவரே வென்றார். பன்னிரண்டு ஆண்டுப் பிரதிநிதித்துவம் ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமையில் தீர்மானமாயிற்று!

சிவுகுலாவுக்கு வாக்களித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாட்சன் கோல்மன் இந்த மாநிலத்திலிருந்து காங்கிரசுக்குப் போன முதல் கறுப்பினப் பெண். அவரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குத் தக்க காரணம் இருந்தது. என் கேள்வி வேறு. அந்த ஜூன் 3 அன்று குடியுரிமை பெற்ற தமிழர்களில் எத்தனை பேர் வாக்குச்சாவடிப் படியேறினோம்?

வாட்சன் கோல்மன் அம்மையார் இப்போது ஓய்வு பெறுகிறார். இடம் மறுபடி காலியாகிறது. பலர் போட்டியில் இருக்கிறார்கள். நியூஜெர்சியில் இரண்டாம் சுற்று கிடையாது. பாதி வாக்கு வேண்டியதில்லை, அடுத்தவரைவிட ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும். சென்ற ஆண்டு ஆளுநர் பதவிக்கான ஜனநாயகக் கட்சி பிரைமரியில் ஆறு பேர் மோதினார்கள். மிக்கி ஷெரில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கி வென்றார். இன்று அவர்தான் ஆளுநர். வாக்கு இப்படிச் சிதறும்போது ஓர் ஊரின் சில ஆயிரம் பேர் ஒரு முடிவையே புரட்டிவிடலாம். நவம்பருக்குக் காத்திருப்பது, பந்தி முடிந்து இலை எடுத்தபின் வந்து உட்காருவது போல.

"எனக்குக் கட்சி முத்திரை வேண்டாம்" என்கிறார்கள் சிலர். அவர்களை மதிக்கிறேன். ஆனால் இந்த மாநிலத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தக் கட்சியிலும் பதியாதவர் ஜூன் 2 அன்று நேரே போய், எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று அங்கேயே சொல்லி வாக்களிக்கலாம். அன்றிலிருந்து அந்தக் கட்சியில் பதிவாவீர்கள். பிறகு மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் அந்தக் கட்சியின் பிரைமரியில் மட்டுமே வாக்களிக்க முடியும். இந்தத் தேர்தலுக்காகக் கட்சி மாறும் கெடு ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. வாக்காளராகவே பதியாதவர்களுக்கு மே 12 வரை நேரம் இருக்கிறது. பக்கத்து நியூயார்க்கில் கட்சியில் பதியாதவருக்குப் பிரைமரியில் இடமே கிடையாது. இங்கே கதவு திறந்திருக்கிறது. நாம்தான் உள்ளே போகாமல் நிற்கிறோம்.

அதே நியூயார்க்கில் 2018-இல் என்ன நடந்தது? குவீன்ஸ் பகுதியின் கட்சித் தலைவர், காங்கிரசில் ஜனநாயகக் கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவர், ஜோ கிரவுலி. பதினான்கு ஆண்டுகளாக அவரைப் பிரைமரியில் எதிர்த்து நிற்க ஆளில்லை. அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் என்ற 28 வயதுப் பெண் சுமார் 17,000 வாக்குகள் பெற்று அவரை வீழ்த்தினார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2014-இல், வர்ஜீனியாவில் குடியரசுக் கட்சியின் அவைப் பெரும்பான்மைத் தலைவர் எரிக் கேன்டரை டேவ் பிராட் என்ற கல்லூரிப் பேராசிரியர் பிரைமரியில் தோற்கடித்தார். இடதானாலும் வலதானாலும் பாடம் ஒன்றுதான்: மலையாகத் தெரிகிறவர்கள் சாய்வது ஜூனில்.

நண்பர்களே, பிரைமரியின் மதிப்பை நன்றாக அறிந்திருந்தவர்கள் அதைப் பிறருக்குத் தர மறுத்தவர்கள். டெக்சஸ் மாநிலம் 1923-இல் ஒரு சட்டம் போட்டது: ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் கறுப்பின மக்கள் வாக்களிக்கக் கூடாது. பொதுத் தேர்தலை அந்தச் சட்டம் தொடவில்லை. ஏன்? அன்றைய டெக்சஸில் ஜனநாயகக் கட்சி நிறுத்தியவர்தான் வெல்வார். பிரைமரியைப் பூட்டினால் போதும், நவம்பரில் யார் வந்து வாக்களித்தால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். எல் பாசோ நகரத்து மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் 1924-இல் வாக்களிக்கப் போனார்; திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். 1927-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளியது. உடனே சட்டத்தை மாற்றிக் கட்சியின் கையில் அந்தத் தடையைக் கொடுத்தார்கள். மறுபடி வழக்கு, மறுபடி வெற்றி, மறுபடி வேறொரு பூட்டு. 1935-இல் அதே நீதிமன்றம், இது கட்சியின் சொந்த விவகாரம் என்று கைவிரித்தது. கடைசியில் ஹூஸ்டன் நகரத்துப் பல் மருத்துவர் லானி ஸ்மித் தொடுத்த வழக்கில், தர்குட் மார்ஷல் வாதாட, 1944 ஏப்ரலில் அந்தத் தடை உடைந்தது. அந்தக் கோடையில் நிக்சன் பிரைமரியில் வாக்களித்தார். இருபது ஆண்டு!

ஒரு மனிதர் நீதிமன்றப் படியேறி, இருபது ஆண்டு காத்திருந்து பெற்ற உரிமையை, நாம் வேலை நாள் என்று சொல்லிக் கைநழுவ விடுகிறோம். வாக்குச்சாவடி காலை 6 மணிக்குத் திறக்கிறது, இரவு 8 மணிக்கு மூடுகிறது. அதற்கு முந்தைய வாரமே நேரில் போய் வாக்களிக்கும் வசதி உண்டு. தபாலிலும் அனுப்பலாம். நேரமில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

நம் மக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்தியரான பகத் சிங் திந்துக்குக் குடியுரிமை கிடையாது என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சஸ் பிரைமரியைப் பூட்டிய அதே ஆண்டு. இந்தியர்கள் குடிமக்களாகலாம் என்ற சட்டம் வர 1946 வரை பொறுக்க வேண்டியிருந்தது. பத்து ஆண்டு கழித்துத் தலீப் சிங் சௌந்த் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரசுக்குப் போனார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி இல்லினாயில் 2012 பிரைமரியில் தோற்று, 2016 பிரைமரியில் வென்று, அதன் வழியேதான் காங்கிரசுக்குள் போனார்.

இந்த மாநிலத்திலும் ஒரு பூட்டு இருந்தது. 21 மாவட்டங்களில் 19-இல், மாவட்டக் கட்சித் தலைமை ஆதரித்தவர்களை எல்லாம் வாக்குச்சீட்டில் ஒரே வரிசையில் அடுக்குவார்கள். மற்றவர்களை எங்கோ ஓர் ஓரத்தில் தள்ளிவிடுவார்கள். அந்த வரிசையில் இடம் கிடைத்தவர் பெரும்பாலும் வென்றார். வேறெந்த மாநிலத்திலும் இப்படி ஒரு சீட்டு இருக்கவில்லை. 2023 செப்டம்பரில் செனட்டர் பாப் மெனெண்டஸ் மீது ஊழல் குற்றச்சாட்டு வந்தது. மறுநாளே காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி கிம் அந்த இடத்துக்குப் போட்டியிடுவதாக அறிவித்தார். பெரிய மாவட்டங்களின் கட்சித் தலைவர்களோ அன்றைய ஆளுநரின் மனைவி டேமி மர்பியின் பக்கம் அணிவகுத்தார்கள். கிம் அந்த வரிசைமுறையையே எதிர்த்து நீதிமன்றம் போனார். டேமி மர்பி விலகினார். 2024 மார்ச் 29 அன்று நீதிபதி சாஹித் குரேஷி, ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் அந்தச் சீட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு சட்டமே மாறியது. இப்போது இரு கட்சிச் சீட்டிலும் ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம். போட்டியிடுகிற எல்லோர் பெயரும் அதில் ஒன்றாக நிற்கும். கொரியக் குடியேறிகளின் மகன் ஒருவர் தொடுத்த வழக்கு, பாகிஸ்தானியக் குடியேறிகளின் மகன் ஒருவர் எழுதிய உத்தரவு. நமக்காகத் திறந்துகொடுத்த சீட்டில் பெயர் தேடக்கூட நாம் போகாவிட்டால், மாவட்டத் தலைவர்களின் சிறிய கூட்டமே மறுபடி முடிவு செய்யும்.

இனி, இங்கே வந்திருக்கும் இரு கட்சிப் பொறுப்பாளர்களே, உங்களிடம் பேசுகிறேன். பொங்கலுக்கு வருகிறீர்கள், தீபாவளிக்கு வருகிறீர்கள். பொன்னாடை வாங்கிக்கொள்கிறீர்கள், படம் எடுத்துக்கொள்கிறீர்கள், நிதி திரட்டும் விருந்தில் எங்கள் காசோலைகளை வாங்கிக்கொள்கிறீர்கள். ஆனால் பிரைமரி வாரத்தில் எங்கள் அடுக்ககங்களின் கதவைத் தட்ட யாரும் வருவதில்லை. காரணம் எனக்குத் தெரியும். யாருக்கு வாக்களித்தோம் என்பது ரகசியம். வாக்களித்தோமா இல்லையா என்பது பதிவேட்டில் இருக்கிறது. சென்ற பிரைமரிகளில் வந்தவர்களின் பட்டியலை எடுத்துக்கொண்டுதான் உங்கள் தொண்டர்கள் தெருவில் இறங்குகிறார்கள். பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, அதனால் வருவதில்லை. நீங்கள் வராததால் எங்கள் பெயரும் ஏறுவதில்லை. இந்த வட்டத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. விருந்துக்கு அழைப்பது போதாது. பட்டியலில் இல்லாத வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

என் மக்களே, இன்னொரு பதவி இருக்கிறது. பெயர் கேட்டால் பெரிதாகத் தெரியாது. மாவட்டக் கட்சிக் குழு உறுப்பினர். நம் தெருக்கள் சேர்ந்த ஒவ்வொரு சிறு வாக்குப்பகுதிக்கும் கட்சிக்கு இருவர். அவர்களையும் பிரைமரியில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள்தான் மாவட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள். சட்டமன்ற உறுப்பினர் நடுவில் விலகினால் அந்த இடத்தை நிரப்புகிறவர்களும் அவர்களே. இங்கே கார்பூல் ஒருங்கிணைக்கிற, தமிழ்ப் பள்ளி நடத்துகிற பெண்கள் நூறு பேர் இருக்கிறீர்கள். அந்த இடங்களில் நீங்கள் உட்கார வேண்டும். உங்கள் பகுதியில் அந்த இடம் யாரிடம் இருக்கிறது, காலியாக இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குடியுரிமை பெற்றவர் மட்டுமே வாக்களிக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் விசாவில் இருப்பவர்களும் யார் என்ன சொன்னாலும் வாக்காளராகப் பதியாதீர்கள். நாட்டைவிட்டு வெளியேற்றும் அளவுக்குப் போகும் குற்றம் அது. விசாவில் இருப்பவர்கள் தேர்தல் நிதியும் கொடுக்கக் கூடாது. ஆனால் சம்பளம் வாங்காமல் தொண்டு செய்யத் தடையில்லை. அண்டை வீட்டாருக்குத் தேதியை நினைவூட்டலாம், முதியவர்களைக் காரில் அழைத்துப் போகலாம். பத்து, பதினைந்து ஆண்டாகக் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் சட்டத்தைக் காங்கிரஸ்தான் எழுதுகிறது. அவர்கள் வாக்களிக்க முடியாது. அவர்களுக்காகவும் சேர்த்து வாக்களிக்கும் கடமை குடிமக்களான நம்முடையது.

பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகளே, இந்த ஆண்டு முதல் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நவம்பர் தேர்தலுக்குள் 18 வயது நிறைகிற குடிமக்கள், இப்போது 17 வயதானாலும் பிரைமரியில் வாக்களிக்கலாம். நியூஜெர்சியில் இந்த உரிமை பெற்ற முதல் தலைமுறை நீங்கள்தான். அப்பாவும் அம்மாவும் நவம்பரைப் பற்றிப் பேசினால், ஜூன் 2 அன்று சாவியை எடுத்து நீட்டுங்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மண்டபத்தின் வலப்பக்க வாசலில் பதிவுப் படிவங்களும் வாக்குச்சாவடி முகவரிகளும் வைத்திருக்கிறோம். பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கைபேசியிலேயே பார்த்துச் சொல்ல நம் மாணவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாடு பத்து நிமிடம் கழித்துத்தான். அதற்குள் எழுந்து அந்த மேசைக்குப் போங்கள். மேடையில் இருக்கும் வேட்பாளர்கள் இங்கேயே இருப்பார்கள். படம் எடுக்கும் முன் வாடகை, பள்ளி, விசா என்று உங்கள் மனதில் இருப்பதை அவர்களிடம் முகத்துக்கு நேரே கேளுங்கள்.