7,300 ரூபாயில் ஒரு வீட்டு ஜிம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, ஜிம் போகாம வீட்லயே வெயிட் ட்ரெய்னிங் ஆரம்பிக்கணும், எவ்வளவு ஆகும்?" ஒருத்தர் ஆன்லைன் லிங்க் ஒண்ணும் சேர்த்தே அனுப்பியிருந்தார். பிளேட், ராடு, கிளவுஸ், ஸ்கிப்பிங் கயிறு, ஹேண்ட் கிரிப்பர், ஒரு ஜிம் பேக், எல்லாம் சேர்ந்த ஒரு 'காம்போ'. வாங்கலாமான்னு கேட்டிருந்தார்.

வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். நான் சர்ட்டிஃபைடு ட்ரெய்னர் கிடையாது. பகல் முழுக்க பேக்எண்ட் கோடு எழுதி வயித்தைக் கழுவுற ஆள். மூணு வருஷமா வாடகை வீட்டோட ஒரு பெட்ரூம் மூலையில வெயிட் தூக்கிட்டிருக்கேன். முதுகு, மூட்டு, பிரஷர், இதயம் சம்பந்தமா ஏதாவது பிரச்சினை இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு இந்த எபிசோடுக்குத் திரும்பி வாங்க.

சரி, காம்போ விஷயம். அந்த மாதிரி செட்ல வர்ற பிளேட் பெரும்பாலும் பிவிசி. வெளியில பிளாஸ்டிக் ஓடு, உள்ள சிமெண்ட் கலவை. எடை எடைதானேன்னு தோணும். ஆனா வார்ப்பிரும்போட அடர்த்தி தண்ணியை விட ஏழு மடங்குக்குக் கொஞ்சம் மேல. கான்கிரீட் இரண்டரை மடங்குக்கும் கீழ. அதாவது அதே 5 கிலோவுக்கு சிமெண்ட் பிளேட் கிட்டத்தட்ட மூணு மடங்கு இடத்தை அடைக்கும். டம்பெல் ராடோட ஒரு பக்கத்துல பிளேட் மாட்ட இருக்கிற நீளமே ஒரு சாண் கூட வராது. நாலு பிளேட் மாட்டினா ராடு தீர்ந்துடும். உங்களுக்கு பலம் ஏறும், ராட்ல இடம் இருக்காது. கூடவே ஓடு விரிசல் விட்டா உள்ளேயிருந்து சிமெண்ட் தூள் கொட்டும். வீட்ல திட்டு வாங்குறது தனி.

அப்போ என்ன வாங்கலாம்? முதல் மாசம் எதுவும் வாங்காதீங்க. இது கஞ்சத்தனத்துல சொல்றது இல்லை. ஆரம்பிக்கிறவங்கள்ல நிறைய பேர் மூணாவது வாரத்துல நிறுத்திடுவாங்க. அந்த மூணு வாரம் தாண்டுதான்னு இலவசமா டெஸ்ட் பண்ணிடுங்க. அதுக்கான உபகரணம் ஏற்கனவே உங்க கிச்சன் வாசல்ல நிக்குது: 20 லிட்டர் வாட்டர் கேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. டெபாசிட் கட்டி கூடுதலா ஒரு காலி கேன் வாங்கி வெச்சுக்கிட்டா, 6 கிலோவோ, 11 கிலோவோ, லிட்டர் கணக்குல ஊத்தி வேணுங்கிற எடை கிடைச்சுடும். உலகத்துலேயே மலிவான அட்ஜஸ்டபிள் வெயிட் இதுதான். கேனை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு ஸ்குவாட் பண்ணலாம். நம்ம ஊர் பாஷையில பஸ்கி. கழுத்தை ரெண்டு கையால பிடிச்சு, இடுப்பைப் பின்னாடி தள்ளி, முதுகை நேரா வெச்சு டெட்லிஃப்ட் பண்ணலாம். பாதி ரொம்பின கேன்ல தண்ணி அங்கயும் இங்கயும் ஆடும்; அதைச் சமாளிக்க வயித்துத் தசை தனியா வேலை செய்யும். தண்டாலுக்கு ஒண்ணும் வேண்டாம். தரையில முடியலைன்னா கட்டில் விளிம்புல கை வெச்சுப் பண்ணுங்க, அதுக்கும் முடியலைன்னா சுவர்ல.

கையில கிடைச்ச கனமான பொருளைத் தூக்கிப் பலம் ஏத்துறது நமக்குப் புதுசு இல்லை. எங்க தாத்தா ஊர் திருநெல்வேலி பக்கம். அந்த மாவட்டத்துல பணகுடி பக்கத்துல வடலிவிளைன்னு ஒரு ஊர்ல பொங்கலுக்கு இப்பவும் இளவட்டக்கல் தூக்குற போட்டி நடக்குது, பெண்களும் தூக்குறாங்க. வழுவழுப்பான உருண்டைக் கல், பிடிக்க ஒரு கைப்பிடி கூட கிடையாது. அதைப் பார்த்தா நம்ம வாட்டர் கேன் எவ்வளவோ சொகுசு.

ஒரு மாசம் வாரத்துக்கு மூணு நாள் விடாம பண்ணிட்டீங்கன்னா, இப்போ பர்ஸைத் திறக்கலாம். நான் பழைய இரும்பு வாங்கினேன். 2020 லாக்டவுன்ல ஜிம் எல்லாம் மூடினப்போ நிறைய பேர் டம்பெல் வாங்கினாங்க; அதுல பல செட்டு இன்னைக்கும் கட்டிலுக்கு அடியில தூங்குது. செகண்ட் ஹேண்ட் ஆப்கள்ல உங்க ஏரியா பேரைப் போட்டுத் தேடினா கிடைக்கும். பழைய டிரெட்மில் வாங்கினா ரிஸ்க். மோட்டார், பெல்ட், போர்டுன்னு எது எப்போ போகும்னு தெரியாது. ஆனா இரும்புத் தட்டுக்கு வயசே ஆகாது. துரு இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு ஒரு கோட் பெயின்ட் அடிச்சா முடிஞ்சுது. ராடை மட்டும் நல்லாப் பாருங்க: மரை தேஞ்சிருக்கா, நட்டு கடைசி வரைக்கும் ஆட்டம் இல்லாம ஏறுதா, தரையில உருட்டினா வளைவு தெரியுதா. தலைக்கு மேல தூக்கும்போது நட்டு கழண்டு தட்டு விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு இடம் கவனிக்கணும். ஓட்டை அளவு. சாப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, இன்டர்ஃபேஸ் மேட்ச் ஆகணும். இங்க வீட்டு உபயோக ராடுகள் சிலது 25 மில்லிமீட்டர், சிலது 28 இல்ல 30. பெரிய ஜிம்கள்ல இருக்கிற ஒலிம்பிக் ராடோட முனை 50. ஒருத்தர்கிட்ட பிளேட், இன்னொருத்தர்கிட்ட ராடுன்னு வாங்கினா ஒண்ணுக்கொண்ணு சேராம போகும். இதுக்கு ஒரு சின்ன டிரிக் இருக்கு. நம்ம 10 ரூபாய் நாணயத்தோட விட்டம் 27 மில்லிமீட்டர். பிளேட் ஓட்டைக்குள்ள நாணயம் நுழையலைன்னா அது 25 ராடுக்கான பிளேட். நுழைஞ்சா பெரிய ராடுக்கானது. ஸ்கேல், வெர்னியர் எதுவும் தூக்கிட்டுப் போக வேண்டாம்.

எடையையும் நம்பாதீங்க. 5 கிலோன்னு அச்சடிச்ச தட்டு அதே 5 கிலோ இருக்கணும்னு இல்லை. நான் பக்கத்து பழைய பேப்பர் கடை எலெக்ட்ரானிக் தராசுல ஒவ்வொண்ணா வெச்சுப் பார்த்து, உண்மையான எடையை மார்க்கர்ல எழுதிட்டேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை.

என் கணக்கு இது. டம்பெல் ராடு ஜோடி புதுசா 700. பழைய பிளேட் 40 கிலோ, பேரம் பேசி கிலோ 80 ரூபாய், அதுக்கு 3,200. தரைக்கு கனமான ரப்பர் மேட் 1,600. மர ரிங்ஸ் ஒரு ஜோடி, பட்டையோட 1,500. எல்லாத்தையும் ஏத்திட்டு வந்த ஆட்டோவுக்கு 300. மொத்தம் 7,300. என் தெருவுல இருக்கிற ஜிம்ல ஒரு வருஷ ஃபீஸ் இதைப் போல ரெண்டு மடங்கு. சென்னையில இருக்கிறவங்க புதுசுதான் வேணும்னா பெரியமேட்டுல நேரு ஸ்டேடியம் பக்கம் வரிசையா விளையாட்டுப் பொருள் கடைகள் இருக்கு; நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டுட்டு வாங்குங்க.

ரிங்ஸை எங்க மாட்டுறது? பழைய வீடுகள்ல ஹால் சீலிங்ல ஊஞ்சல் கொக்கி இருக்கும். கான்கிரீட் போடும்போதே கம்பியோட சேர்த்துக் கட்டின கொக்கின்னா, ரெண்டு பேர் உட்கார்ந்து ஆடுறதைத் தாங்குறதுக்காகவே போட்டது. ஹவுஸ் ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, துரு இருக்கான்னு பார்த்துட்டு மாட்டுங்க. ஃபேன் கொக்கியில மட்டும் மாட்டிடாதீங்க, அது வேற கணக்கு. காலைத் தரையில ஊன்றி, உடம்பைப் பின்னாடி சாய்ச்சு, நெஞ்சை ரிங்ஸ் கிட்ட இழுக்கிறதுதான் ஆரம்பம். புல்-அப் எல்லாம் அப்புறம். ஊஞ்சல் கொக்கி இல்லாத வீடா? டம்பெல்லை வெச்சே குனிஞ்சு இழுக்கிற ரோ பண்ணலாம், குறை ஒண்ணும் இல்லை.

பெஞ்ச் வாங்கலை. தரையில படுத்தே பிரஸ் பண்றேன். பெஞ்சுக்குப் பதிலா பிளாஸ்டிக் ஸ்டூலை மட்டும் போட்டுப் படுக்காதீங்க ப்ளீஸ்.

"மாடி வீடு ப்ரோ, தரை தாங்குமா?"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. இந்தியத் தர விதி ஐஎஸ் 875-ன்படி வீட்டு அறைகளோட தளத்தை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமைக்கு டிசைன் பண்ணணும். சுமாரா 200 கிலோ. பத்துக்குப் பத்து ரூம்னா ஒன்பது சதுர மீட்டருக்கு மேல வரும். ஒழுங்கா கட்டின வீட்டுக்கு 40 கிலோ இரும்பும் நீங்களும் ஒரு பொருட்டே இல்லை. துணி அடுக்கின பீரோ அதைவிட கனமா இருக்கும். பிரச்சினை வைக்கிறதுல இல்லை, போடுறதுல. 10 கிலோ டம்பெல் இடுப்பு உயரத்துலேர்ந்து விழுந்தா டைல்ஸ் தெறிக்கும், அட்வான்ஸ்ல பிடிப்பாங்க. அதனாலதான் மேட்டுக்கு 1,600 செலவு. கீழ் வீட்டுக்காரங்களுக்காக ராத்திரி ஒன்பதுக்கு மேல நான் இரும்பைத் தொடுறதில்லை.

என் வீட்ல இதை நான் மட்டும் பண்ணலை. அம்மாவுக்கு 58 வயசு. போன வருஷம் டெக்ஸா ஸ்கேன்ல எலும்பு அடர்த்தி கம்மின்னு வந்துச்சு. ரிப்போர்ட்டைப் படிச்சுட்டு, "அப்போ எனக்கும் உங்க பாட்டி கதைதானாடா?"ன்னு கேட்டாங்க. பாட்டி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சது. ஆபரேஷன் நல்லபடியா நடந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் அவங்க தனியா எழுந்து நடக்கவே இல்லை. ரெண்டு வருஷம் கூட இருந்து பார்த்துக்கிட்டது அம்மாதான். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை.

மாத்திரை, கால்சியம் எல்லாம் டாக்டர் எழுதிக் கொடுத்ததோட, தசைக்கும் வேலை கொடுங்கன்னு சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தோட 2020 வழிகாட்டுதலும் அதையேதான் சொல்லுது: பெரியவங்க எல்லாரும் வாரத்துல ரெண்டு நாளாவது முக்கியத் தசைகளுக்குப் பயிற்சி கொடுக்கணும். வாக்கிங் மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவுல லிஃப்ட்மோர்னு ஒரு ஆய்வு, 2018-ல வெளியாச்சு. எலும்பு அடர்த்தி குறைஞ்ச, மாதவிடாய் நின்ன பெண்கள் வாரத்துக்கு ரெண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாசம் கனமான வெயிட் தூக்கினாங்க. எலும்பு அடர்த்தி கூடுச்சு. ஆனா அது முழுக்க நிபுணர் பக்கத்துல நின்னு கண்காணிச்ச பயிற்சி. அதை அப்படியே வீட்ல காப்பி அடிக்கக் கூடாது.

அம்மா ஆரம்பிச்சது நாற்காலியில உட்கார்ந்து எழுறதுல. கையை ஊன்றாம எட்டு தடவை. அப்புறம் கையில ஒரு கிலோ, மூணு கிலோ, அரிசிப் பை. மூச்சை அடக்காம, எழும்போது வெளிய விடணும். அடக்கினா பிரஷர் சட்டுனு ஏறும், அவங்களுக்கு பிரஷர் மாத்திரை வேற ஓடுது. எட்டு மாசம் ஆச்சு. இப்போ 10 கிலோ பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்து எழுறாங்க. பூஜை ரூம்ல தரையிலேர்ந்து எழும்போது இன்னும் ஒரு கையை முட்டியில ஊன்றுறாங்க, ஆனா சுவரைத் தேடுறதில்லை. அடுத்த ஸ்கேன் இன்னும் எடுக்கலை, எலும்பு பத்தி இப்போ நான் எதுவும் சொல்ல முடியாது.

ப்ரோக்ராம் என்னன்னு கேப்பீங்க. உட்கார்ந்து எழுறது, குனிஞ்சு தூக்குறது, தள்ளுறது, இழுக்கிறது, தூக்கிட்டு நடக்கிறது. இந்த அஞ்சுதான், வாரத்துக்கு மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி. ஒவ்வொண்ணும் மூணு செட். எட்டு தடவை ஒழுங்கா பண்ண முடியுற எடையில ஆரம்பிங்க. மூணு செட்டும் பன்னிரண்டு வந்துட்டா அடுத்த நாள் எடையைக் கூட்டி மறுபடி எட்டுக்கு இறங்குங்க. கூட்டுறதுக்கு 1.25 கிலோ சின்ன பிளேட் நாலு கட்டாயம் வாங்கி வெச்சுக்கோங்க. செட்டுல பெரும்பாலும் இது வராது, ஆனா இது இல்லாம முன்னேறவே முடியாது. ஒவ்வொரு நாளும் என்ன எடை, எத்தனை தடவைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. ஆப் எல்லாம் வேண்டாம், மளிகைக் கணக்கு நோட்டு போதும்.

கடற்கரை ஊர்ல இருக்கிறவங்க மாசத்துக்கு ஒரு தடவை ராடு மரையில தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுன்னு ஆகித் தூசி ஒட்டும்.

சாப்பாடு, புரோட்டீன் பத்திப் பேச ஆரம்பிச்சா இன்னும் அரை மணி நேரம் ஓடும். அது அடுத்த வாரம். உங்க அம்மா, அப்பாவை யாராவது பயிற்சியில இறக்கிவிட்டிருந்தா எப்படி சம்மதிக்க வெச்சீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எங்க அப்பா இன்னும் சோபாவை விட்டு எழுந்த பாடில்லை.